மூன்று போல்ட்டும் ஒரு விரலும்

ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் தாண்டவமூர்த்திக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. தெரியாததை எல்லாம் மொபைலில் வீடியோ பார்த்து, மறுநாளே தெருவுக்கு வகுப்பெடுத்துவிடுவார்.

அன்று காலை மதுரையிலிருந்து காரில் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். என்ஜினில் நெருப்பாய்ச் சுடும் டர்போவை மூடியிருக்கும் தகடு, அதுதான் ஹீட் ஷீல்டு, வழியெல்லாம் கடகடவென்று ஆடி அவர் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. டிரைவர் சூசையிடம், "அதை இப்பவே கழட்டு. மூணே போல்ட்டு, பத்து நிமிஷ வேலை. ஒண்ணு ஒடிஞ்சாலும் நாளைக்கு வேற டிரைவர்" என்றார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மதில்மேல் நாலு தலைகள் எட்டிப் பார்த்தன.

"துருப்பிடிச்ச போல்ட்டு ஐயா. எண்ணெய் விட்டு ஊறப்போடணும். அதுக்கு முன்னால சூடு ஆறணும்."

"பானெட்டைத் திறந்தா ரெண்டு நிமிஷத்துல ஆறிடும். என்ஜினியர் நானா, நீயா?"

"நீங்கதான் ஐயா." சூசை ஸ்பானரை எடுத்தான். "ஒரே ஒரு சந்தேகம். மூணுல எதை முதல்ல கழட்டணும்? விரலை வச்சுக் காட்டிட்டீங்கன்னா தப்பு வராது."

தாண்டவமூர்த்தி கம்பீரமாக விரலை நீட்டினார். தகட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே விரல் நின்றுவிட்டது.

"அதோ, அது."

"எது ஐயா? இன்னும் கொஞ்சம் கிட்ட."

விரல் கிட்டப் போகவில்லை. மெதுவாகத் திரும்பிக் கைக்கடிகாரத்தைத் தட்டியது. "காபி நேரமாச்சு. சாயங்காலம் பாத்துக்கலாம்."

சாயங்காலத்துக்குள் சூடு ஆறி, சூசை விட்ட எண்ணெயும் ஊறி, மூன்று போல்ட்டும் முனகாமல் கழன்று வந்தன. மதில்மேல் அதே நாலு தலைகள் மறுபடி முளைத்தன. தாண்டவமூர்த்தி மதிலைப் பார்த்துச் சொன்னார்: "சூடு ஆறாம கைவைக்காதேன்னு காலையிலேயே இவன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்!"

நாலு தலைகளும் அவர் விரலையே பார்த்தன.