கஷாயம் முதலிடம் பிடித்த விருந்து

முன்னொரு காலத்தில் தாழைநாட்டை மகரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவைச் சாயங்காலம் மாற்றுவார். மாற்றியதை மறுநாள் மறந்தும் போவார். அவர் மறக்காதவை இரண்டே இரண்டு. ஒன்று சாப்பாடு, இன்னொன்று நெற்றோட்டம்.

நெற்றோட்டம் என்றால் என்ன என்கிறீர்களா? உரிக்காத நெற்றுத் தேங்காயை மார்போடு அணைத்துக்கொண்டு, வழிமறித்துக் கட்டிப்பிடிக்கிற எதிரணியை முட்டித் தள்ளி, அவர்களுடைய எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைக்கிற ஆட்டம். வைத்தால் ஒரு நெற்று கணக்கு. ஆடுகிறவர்களுக்கு வேறு தொழில் கிடையாது. அரண்மனை படியளந்தது, அவர்கள் ஆடிச் சாப்பிட்டார்கள்.

முன்பெல்லாம் எல்லா அணியும் எல்லா அணியோடும் மோதும். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தே போக வேண்டும். ஆடிக் களைத்ததைவிட நடந்து களைத்ததுதான் அதிகம். இதைப் பார்த்து நாகபூடணர் என்ற அரசவைப் பிரபு ஒரு யோசனை சொன்னார். நாட்டை மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரிப்பது. அந்தந்தப் பிரிவு அணிகள் தங்களுக்குள் மட்டும் ஆடுவது. மேற்கில் முதலாவதும் கிழக்கில் முதலாவதும் தலைநகரில் இறுதி ஆட்டம் ஆடுவது. ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. "இறுதிக்கு வரும் இரண்டு அணிக்கு மட்டும்தான் இனிப் படி" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டார்.

நாகபூடணர் சும்மா சொல்வாரா? வல்லவர்களெல்லாம் மேற்கில் இருந்தார்கள். கிழக்கில் இருந்தவை சோப்ளாங்கி அணிகள். அவற்றில் கொஞ்சம் தேறியது அவருடைய மைத்துனன் தலைமையேற்ற உப்பங்கரை அணி. அது தட்டுத்தடுமாறி முதலிடம் வந்துவிட்டது. மேற்கிலோ, முகில்மலை அணி எல்லாரையும் வென்று, ஆற்றுப்பாடியிடம் மட்டும் ஒரே ஒரு நெற்றில் தோற்று இரண்டாவதாக நின்றது. இறுதியும் போயிற்று, படியும் போயிற்று.

முகில்மலையின் தலைவன் காரி, அரண்மனை கொடுத்த கொடியைத் திருப்பிக் கொடுக்க அவைக்கு வந்தான். அமைச்சர் குணபத்திரரால் பொறுக்க முடியவில்லை.

"மன்னா, போன வருஷம் உப்பங்கரைக்காரர்கள் இவர்களிடம் ஒரு நெற்றுகூட வைக்க முடியாமல் ஓடினார்கள். இது நியாயமில்லை."

"அமைச்சருக்கு வயிற்றெரிச்சல்" என்றார் நாகபூடணர். "யோசனை தம் தலையில் உதிக்கவில்லையே என்று."

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த முறையைக் குறைசொல்லி இனி ஒரு வார்த்தை பேசினால் உமது பதவி போய்விடும். குறை இருந்தால், சொல்லாமல் காட்டும். நாளை மதியம்வரை நேரம். முடியாவிட்டால் இவன் கொடியை வாங்கி வையும்."

குணபத்திரர் சற்று யோசித்துவிட்டுச் சிரித்தார். "குறையா? இவ்வளவு அருமையான முறையை ஆட்டத்தோடு ஏன் நிறுத்த வேண்டும் என்றுதான் யோசிக்கிறேன். நம் அரண்மனையில் இரண்டு சமையற்கட்டு இருக்கிறது. நாளைக்கு மன்னரின் விருந்தையும் இப்படியே நடத்தினால் என்ன?"

நாகபூடணருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "என் முறை எந்த இடத்துக்கும் பொருந்தும்."

"அப்படியானால் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நீங்களே வர வேண்டும், பிரபு."

மறுநாள் ராஜா பசியோடு வந்து உட்கார்ந்தார். இலையில் புளியோதரை இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம். அவ்வளவுதான். புளியோதரையை ரசித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகம் கோணிப்போயிற்று.

"என்ன இது?"

"நிலவேம்புக் கஷாயம், மன்னா" என்றார் குணபத்திரர் பணிவாக. "கிழக்குச் சமையற்கட்டின் முதலிடம். வைத்தியர் காய்ச்சுகிற கட்டு அது. வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் இரண்டையும் தோற்கடித்து வந்திருக்கிறது. நாகபூடணரே நக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்."

"அதிரசம் எங்கே?"

"அது மேற்குக் கட்டில் இரண்டாவது. புளியோதரையிடம் மயிரிழையில் தோற்றது. திருப்பி அனுப்பிவிட்டோம்."

"அதிரசத்தை அனுப்பிவிட்டு இந்தக் கஷாயத்தையா என் இலைக்குக் கொண்டுவந்தீர்..." என்று ஆரம்பித்த ராஜா பாதியில் நிறுத்தினார். வாசலோரம் கொடியோடு நின்ற காரியைப் பார்த்தார்.

"நீ மேற்கில் எத்தனாவது?"

"ரெண்டாவது, மகாராஜா."

ராஜா இலையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இந்தப் பிரிவு முறையை இப்போதே ஒழித்தேன். பழையபடி எல்லாரும் நாடு முழுக்க நடந்து போய் ஆடுங்கள்."

நாகபூடணர் முகம் வெளுத்தது. ஆனால் பதறியது காரிதான்.

"ஒழிச்சிடாதீங்க மகாராஜா. இந்த வருஷந்தான் ஆடி முடிச்சு வீட்டுச் சோறு தின்னோம். மூத்தவ நடக்கப் பழகினப்போ நான் கிழக்குச் சீமையில நடந்துக்கிட்டிருந்தேன். சின்னவ நடந்ததக் கண்ணால பாத்துட்டேன். பக்கத்து ஊரோட மோதினா பாக்க வர்ற கூட்டமும் ஜாஸ்தி. யோசனை சொன்ன பிரபு நல்லா இருக்கணும்னு என் பொண்டாட்டி தெனம் விளக்கேத்திக் கும்பிடுறா."

நாகபூடணர் தலை குனிந்தது. யார் திட்டியிருந்தாலும் பதிலுக்குத் திட்டியிருப்பார். இது வாழ்த்தாக அல்லவா வந்து விழுந்தது!

ராஜா குழம்பிப்போய் அமைச்சரைப் பார்த்தார். "இப்போது பேசும், அய்யா. தடையில்லை."

"பிரிவு இருக்கட்டும், மன்னா. நடை மிச்சம். ஆனால் பிரிவுக்கு இரண்டு அணி தலைநகருக்கு வரட்டும். மேற்கின் முதலாவது கிழக்கின் இரண்டாவதோடும், மேற்கின் இரண்டாவது கிழக்கின் முதலாவதோடும் மோதட்டும். வென்றவர்கள் இறுதி ஆடட்டும். அதிரசமும் கஷாயமும் நேருக்கு நேர் நிற்கட்டுமே."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். எல்லா அணிக்கும் படி திரும்பக் கிடைத்தது. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டு, "உமது வாயைக் கட்டினேன். அப்படியும் என்னைத் தப்புச் செய்ய விடவில்லை. இந்த நன்றிக் கடன் என்னோடு இருக்கட்டும்" என்றார். மிச்சக் கஷாயம் நாகபூடணருக்குப் போயிற்று. அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

முகில்மலை உப்பங்கரையைப் புரட்டியெடுத்தது. இறுதியில் எதிரே நின்றது பழைய ஆற்றுப்பாடி. பொழுது சாயும்வரை ஆடினார்கள். முகில்மலை மறுபடியும் ஒரே நெற்றில் தோற்றது.

மண்ணும் ரத்தமுமாக வந்து நின்ற காரியிடம் ராஜா வருத்தத்தோடு சொன்னார். "இவ்வளவு செய்தும் உனக்குக் கிடைக்கவில்லையே, அப்பா."

"கிடைச்சிருச்சு மகாராஜா. அன்னிக்கு எங்களைத் தலைநகர்ல ஆடவே விடாம தோக்கடிச்சாங்க. இன்னிக்கு ஆடித் தோத்தோம். நீங்க நல்லா இருக்கணும்."

கைகூப்பினான். ராஜா ஆசனத்தை விட்டு எழுந்து நின்று, பதிலுக்குக் கைகூப்பினார்.