யோனா சொல்லாத பதில்

பாவநிவாரண நாள் வந்தால் அந்தத் துறைமுக ஊரின் யூதர்கள் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நாள் முழுக்க ஜெப ஆலயத்திலேயே இருப்பார்கள். பிற்பகலில் ஒருவரை அழைத்து, யோனா தீர்க்கதரிசியின் கதை எழுதிய வேதச் சுருளை வாசிக்கச் சொல்வார்கள். லேசுப்பட்ட மரியாதையா அது! அந்த வருஷம் அது சாயக்காரன் எல்கானாவுக்குக் கிடைத்தது. மனுஷனுக்கோ காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. உட்காருவான், எழுந்திருப்பான், வாசலை எட்டிப் பார்ப்பான், மறுபடி வந்து உட்காருவான்.

கடைசியில் தன் குரு ரபி அசரியாவிடம் போனான்.

"ரபி, வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள்."

"ஏன், கண் தெரியவில்லையா?"

"நன்றாகத் தெரிகிறது. அதுதான் வினை. வாசலில் அந்த ஓபேத் நிற்கிறான்."

ஓபேத் சொன்ன பொய்சாட்சியால் இரண்டு வருஷம் சிறையில் கிடந்தவன் எல்கானா. அவன் உள்ளே இருக்கும்போதே அவனைப் பெற்றவள் கண்ணை மூடிவிட்டாள். மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த மனிதன் மன்னிக்காமல் கடவுளும் மன்னிக்க மாட்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் இந்த நாளுக்குள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். மூன்று முறைவரை கேட்கலாம். ஓபேத் இரண்டு முறை வந்தான். இரண்டு முறையும் எல்கானா முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்தினான்.

"மூன்றாம் முறை கேட்க வந்திருக்கிறான், ரபி. அவன் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது."

"சுருளை எடு," என்றார் ரபி.

வாசித்தான். கொடுமைக்கார நினிவே ஊராரை எச்சரிக்கக் கடவுள் யோனாவை அனுப்பியது, அவன் கப்பலேறி ஓடியது, மீன் விழுங்கிக் கக்கியது, கடைசியில் நினிவேக்கே போய் எச்சரித்தது எல்லாவற்றையும் கடகடவென்று ஓட்டினான். பிறகு நினிவே மக்கள் திருந்தினார்கள், கடவுள் மன்னித்தார், யோனாவுக்கு வந்ததே கோபம்! அங்கேதான் எல்கானாவின் குரல் உயர்ந்தது. இவர்களையா மன்னித்தீர், இதற்கு நான் செத்தே போகலாம் என்று யோனா கொதிக்கும் இடத்தை அவன் வாசித்த வாசிப்பில், பசியில் தூங்கி வழிந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இத்தனை ஜனங்கள் வாழும் ஊருக்காக நான் இரங்கக் கூடாதா என்று கடவுள் யோனாவைக் கேட்கிறார். அத்தோடு சுருள் முடிகிறது.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். இன்றைக்கு என்னவோ அவனுக்கு உறுத்தியது.

"ரபி, யோனா என்ன பதில் சொன்னான்?"

"எழுதவில்லை."

"அதெப்படி? கேள்வியோடு விட்டுவிடுவார்களா? அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்காதா? வயிறு எரிந்தவனுக்குத்தானே தெரியும்!"

"இருக்கும்," என்றார் ரபி.

வெயில் சாய்ந்துவிட்டது. பரலோகத்தின் வாசல் அடைபடும் நேரத்தில் சொல்லும் கடைசி ஜெபம் ஒன்றுதான் பாக்கி. ரபி தொடங்க வேண்டும். அவரோ எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய் ஓபேத்தின் பக்கத்தில் நின்றுகொண்டார். பயந்துபோய் ஒதுங்கப் பார்த்தவனின் கையையும் பிடித்துக்கொண்டார்.

எல்கானா பின்னாலேயே ஓடி வந்தான்.

ஓபேத் தலை நிமிரவில்லை. "எல்கானா, நான் செய்தது பெரிய பாவம். என்னை மன்னித்துவிடு," என்றான்.

எல்கானா அவன் பக்கம் திரும்பவே இல்லை. "ரபி, இருட்டப் போகிறது. எல்லாரும் காத்திருக்கிறார்கள். உள்ளே வாருங்கள்."

"யோனா பதில் சொல்லட்டும். வருகிறோம்."

"ஐயோ, இது என்ன விளையாட்டு? யோனா செத்து எத்தனை காலமாகிறது! அவன் எங்கிருந்து வந்து பதில் சொல்வான்?"

"வர மாட்டான்," என்றார் ரபி. "அதனால்தான் வருஷா வருஷம் ஒருவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறோம்."