அரசர் நின்ற இடம்

மலையடிவார நாடு ஒன்றில், நியாய மன்றத்தின் நடுவே ஒரு கல் நின்றது. ஆள்கிறவர்கள் கைவைக்கக் கூடாத மக்கள் உரிமைகள் அதில் வெட்டப்பட்டிருந்தன. முதல் வரி: 'வாயைக் கட்டாதே.'

அந்த மன்றத்தின் நீதிபதி திருமேனியார். அவரிடம் பல வருடம் நியாயம் பயின்ற மருதவாணன் அன்றுதான் முதன்முதலாக வழக்கு விசாரிக்க உட்கார்ந்தான். குரு பக்கத்தில் இருந்தார்.

உப்பு விற்கும் சடைச்சி வந்து நின்றாள். சந்தையில் யாரும் கூடிப் பேசக் கூடாது என்று அரசாணை. ஏரித் தண்ணீர் வரவில்லையே என்று நாலு பேரைக் கூட்டிப் பேசிய அவள் மகன் சிறையில் கிடந்தான்.

எதிரே, அரசர் சார்பில் வந்த அமைச்சர் ஆசனத்தில் சாவகாசமாகச் சாய்ந்திருந்தார்.

"ஆணை தப்புன்னு நீதாம்மா காட்டணும்," என்றான் மருதவாணன். சுங்க வழக்கானாலும் வண்டிப்பாதை வழக்கானாலும் அப்படிக் கேட்டுத்தான் அவனுக்குப் பழக்கம்.

"எனக்கு என்ன சாமி தெரியும்? பேசினான். பிடிச்சுட்டுப் போயிட்டாங்க."

திருமேனியார் எழுந்து அமைச்சரிடம் போனார். "கொஞ்சம் எழுந்திருங்க." ஆசனத்தை இழுத்து வந்து சடைச்சிக்குப் போட்டார். "நீ உட்காரு தாயி."

மருதவாணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, என்ன இது?"

"இது சுங்க வழக்கு இல்லையப்பா. கல்லுல இருக்கறதுல கைவச்ச வழக்கு. இதுல கைவச்சவங்கதான் நின்னு காரணம் சொல்லணும்."

"கைவைத்தது அரசர்!" என்று சீறினார் அமைச்சர்.

"அப்போ அவர்தான் நிக்கணும்."

அரசரை அழைத்துவர ஆள் போனது. அரசர் வந்தார். சடைச்சி பதறிப்போய் எழுந்தாள்.

"உட்காருங்கம்மா," என்றவர், அவள் நின்றிருந்த இடத்தில் போய் நின்றார்.

மருதவாணனுக்கு மெய்சிலிர்த்தது. குரு அவனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் அரசரிடமே கேட்டான்.

"இந்த ஆணை எதுக்கு?"

"சந்தையில் அடிதடி. கடைகளைக் கொளுத்திவிட்டார்கள்."

"கொளுத்தினவங்களைப் பிடிச்சீங்களா?"

"பிடித்தோம்."

"பிறகு எல்லார் வாயையும் ஏன் கட்டணும்? சந்தைக்குக் காவல் போட்டாப் போதாதா?"

அரசர் கல்லின் முதல் வரியைப் பார்த்தார். "போதும்தான். யோசிக்கவில்லை. பயந்துவிட்டேன்."

"ஆணை செல்லாது. பையனை விட்டுடுங்க," என்றான் மருதவாணன். யாரிடம் சொன்னோம் என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அரசர் தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனார். சடைச்சி சிறை வாசலுக்கு ஓடினாள்.

மன்றம் காலியானது. மருதவாணன் குருவிடம் திரும்பினான்.

"ஐயா, நிக்க மாட்டேன்னு அவர் சொல்லியிருந்தா? நம்மகிட்ட படையா இருக்கு?"

திருமேனியார் கல்லின் தலையைத் தடவினார். அந்த இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"முடிசூடுற அன்னிக்கு இதுல கைவச்சுச் சத்தியம் பண்ணித்தான் அவர் அரசரானார். கல்லு செல்லாதுன்னா, அவர் சூடின முடியும் செல்லாதே."