மடித்த இலைக்குப் பரிசு

நீங்கள் 'ம்' கொட்டிக்கொண்டே கேட்டால்தான் இந்தக் கதை நகரும்.

பூவணைக்கோட்டை என்று ஓர் ஊர். அதற்குக் கோனேரிராயர் என்று ஒரு ராஜா. நல்ல மனிதர்தான். யாராவது கணக்காகப் பேசினால் உடனே தலையாட்டிவிடுவார், அது ஒன்றுதான் குறை. குடிமக்களின் பொதிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்க அவர் மாட்டுவண்டிகள் வைத்திருந்தார். சேலை, மருந்து, மஞ்சள், மாப்பிள்ளை வீட்டுப் பலகாரம், எல்லாம் அந்த வண்டிகளில்தான் போகும்.

அவருடைய பொக்கிஷ அதிகாரி திருமலைக்கொழுந்து ஒருநாள் புதிதாக ஒரு விதி கொண்டுவந்தார். பௌர்ணமிக்குள் யார் அதிகப் பொதி சேர்க்கிறானோ அவனுக்கு ஒரு மாதச் சம்பளம் பரிசு. யார் எல்லோரையும்விடக் குறைவாகச் சேர்க்கிறானோ, அவன் வண்டியையும் மாட்டையும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ராஜா வழக்கம்போல் தலையாட்டினார்.

கடைத்தெரு வண்டிக்காரனுக்குக் கொண்டாட்டம். அங்கே வீடுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். அவன் வண்டியை விட்டு இறங்குவதே இல்லை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வீசிக்கொண்டே போவான். ஊறுகாய் ஜாடி உடைந்தால் என்ன, சேர்த்தது சேர்த்ததுதானே.

கூனமலை வண்டிக்காரன் வேடியப்பன் பாடுதான் திண்டாட்டம். வண்டி பாதி மலைதான் ஏறும். அப்புறம் தலைச்சுமை. அதோடு கூனமலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பொதியைக் கீழே வைத்தால் தொடமாட்டார்கள். இரண்டு கையாலும் வாங்குவார்கள். வாங்குவதற்கு முன்னால் கொண்டுவந்தவனை உட்காரவைத்து ஒரு சொம்பு மோர் கொடுப்பார்கள். குடிக்காமல் எழுந்தால் வீட்டையே அவமதித்தது மாதிரி. வேடியப்பன் வீட்டுக்கு வீடு மோர் குடித்து முடிப்பதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும்.

பௌர்ணமி வந்தது. கணக்கில் வேடியப்பன்தான் கடைசி. மறுநாள் காலையில் மாடுகளை ஒப்படைக்க வேண்டும். கன்றுகளாக வந்த நாளிலிருந்து அவன் கையால் தவிடு தின்று வளர்ந்த மாடுகள். நேராக அரசவை விகடகவி சுருளியப்பனிடம் போனான்.

"பரிசெல்லாம் வேண்டாம் சாமி. மாட்டை மட்டும் விட்டுட்டாப் போதும்" என்றான்.

"நீயும் வீசிட்டுப் போயிருக்கலாமே வேடியப்பா?"

"மோர் குடுத்த வீட்டுல எப்படி சாமி வீசறது?"

சுருளியப்பன் மாடுகளைத் தட்டிக்கொடுத்தான். இப்போது அரண்மனை வாசலிலேயே கட்டிவிட்டுப் பக்கத்தில் படு, காலையில் நீயே அவிழ்த்துக்கொண்டு போகலாம் என்றான்.

அன்று ராத்திரி அரண்மனையில் பௌர்ணமி விருந்து. சுருளியப்பன் ராஜாவிடம் போய், அதிகாரியின் விதியை வாயாரப் புகழ்ந்தான். இவ்வளவு நல்ல விதி வண்டிக்காரர்களோடு நின்றுவிடலாமா, பரிமாறுகிறவர்களுக்கும் வைத்தால் என்ன என்று கேட்டான். யார் பரிமாறிய இலை அதிகம் மடிகிறதோ அவனுக்குப் பரிசு, குறைந்தவனுக்கு வேலை போச்சு. திருமலைக்கொழுந்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ராஜாவும் தலையாட்டினார்.

பந்தி தொடங்கியது. அப்பளம் தூரத்திலிருந்தே பறந்து வந்தது. ரசத்துக்கு முன்னால் பாயசம் விழுந்தது, அதுவும் கூட்டின் மேலேயே. சேனாதிபதி வடைக்குக் கை நீட்டினார். கை போய்ச் சேர்வதற்குள் இலையை மடித்துவிட்டார்கள், வடையோடு சேர்த்து. திருமலைக்கொழுந்து முதல் பந்தியில் முதல் இலை. உப்பு மட்டும்தான் தொட்டிருந்தார். "ஐயா சாப்பிட்டாச்சு" என்று கூவிக்கொண்டே ஒருவன் இலையை உருவிக்கொண்டு ஓடினான்.

ராஜா கீழே இல்லை. பௌர்ணமியன்று மேல்மாடத்தில் நிலவைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதுதான் அவர் வழக்கம். நிலவு வந்துவிட்டது. சாப்பாடு வரவில்லை. நெய் வாசனை மட்டும் படியேறி வந்து அவரை வதைத்தது. கூப்பிட்டுப் பார்த்தார். கைதட்டிப் பார்த்தார். கடைசியில் மேல்மூச்சு வாங்க அங்கவஸ்திரமெல்லாம் பாயசத்தோடு ஏறி வந்தவர் திருமலைக்கொழுந்து, முறையிடுவதற்காக. அவருக்குப் பின்னாலேயே வாழையிலையும் தூக்குமாக வந்தான் சுருளியப்பன்.

அவன் அவசரப்படவே இல்லை. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பிலிருந்து மோர் வரைக்கும் வரிசையாகப் பரிமாறினான். ராஜா ஒரு பிடி பிடித்தார். இலையை அவரே மடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"இத்தனை பேர் இருக்கிறார்களே, ஒருத்தன்கூட ஏன் மேலே வரவில்லை?"

"மேலே வந்தால் ஒரே இலைதானே மகாராஜா. இந்தப் படி ஏறி இறங்குவதற்குள் கீழே ஒரு பந்தியையே மடித்துவிடலாம். யாருக்கு வேலை போக ஆசை?"

"அப்படியானால் நீ?"

"நான் இன்றைக்கு மடியவைத்தது இந்த ஓர் இலைதான். விதிப்படி காலையில் எனக்கு வேலை இல்லை. கூனமலை வேடியப்பனோடு சேர்ந்து நானும் கிளம்ப வேண்டியதுதான்."

ராஜா, வேடியப்பன் யார், அவன் ஏன் கடைசி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். எட்டிப் பார்த்தார். வாசலில் அவன் மாடுகளுக்கு நடுவே படுத்திருந்தான். அவன் மாட்டை யாரும் தொடக்கூடாது என்றார். இனிமேல் பொதியை மட்டும் எண்ணாமல் தூரத்தையும் ஏற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், வீசினதெல்லாம் சேர்த்ததாகாது, இந்த மாதப் பரிசுக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள் என்றார். போட்டுப் பார்த்ததில் அது வேடியப்பனுக்குத்தான் வந்தது.

திருமலைக்கொழுந்து எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். பிறகு மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சுருளி, தூக்கில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" என்றார்.

சுருளியப்பன் கைகட்டிப் பணிவாக நின்றான்.

"ஐயாவுக்கு எதற்கு? கணக்குப்படி இன்றைக்கு முதலில் சாப்பிட்டு முடித்ததே நீங்கள்தானே."

ராஜா சிரித்த சிரிப்பில் கீழே மாடுகள் எழுந்து நின்றுவிட்டன. சுருளியப்பனுக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். திருமலைக்கொழுந்தைக் காலையில் வேடியப்பன் வண்டியில் கூனமலைக்கு அனுப்பிவைத்தார், தலையில் ஒரு பொதியோடு. பாவம், பசியோடு போனவர். மோர் கொடுத்த ஒரு வீட்டிலும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லையாம்.