கரையேறிய ஆகாயத்தாமரை

"மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன, தாயே. இன்னும் இந்தக் குளத்தில் நீங்கள் ஒரு கை நீர் அள்ளவில்லை."

குறைபட்டுக்கொண்டவர் தெய்வசிகாமணி. வயது அறுபத்திரண்டு. குளத்தின் மேல்கரையில் பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கும் பட்டறை வைத்திருந்தவர்.

கேட்டுக்கொண்டிருந்தவர் மடத்தின் தலைவி ஞானாம்பிகை. அவரைவிட இருபது வயது இளையவர்.

பட்டறைக் கழிவு குளத்தில் கலந்திருந்தது. அந்நீரைக் குடித்த குழந்தைகளில் சிலர் நடக்கும் வயதில் நடக்கவில்லை. சிலர் பேசும் வயதில் பேசவில்லை. மடம் அபிஷேகத்துக்கு அங்கே நீர் முகப்பதை நிறுத்தியது. தெய்வசிகாமணி பட்டறையை மூடினார். ஞானாம்பிகையின் காலில் விழுந்தார். "கெடுத்தவன் நான். நானே சுத்தம் செய்கிறேன்" என்றார்.

குளம் நிறைய ஆகாயத்தாமரை வளர்த்தார். அதன் வேர் காரீயத்தை உறிஞ்சிக்கொள்ளும். கொழுத்த செடியைப் பிடுங்கிவிட்டுப் புதுச்செடி விடவேண்டும். ஆள் வைக்கவில்லை; இடுப்பளவு நீரில் நின்று அவரே பிடுங்கினார்.

"கைத்தோல் உரிந்துபோயிற்று, தாயே."

"பார்த்தேன்."

"நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். குற்றமில்லை என்று எழுதி வந்துவிட்டது."

"படித்தேன்."

"நாளை மறுநாள் தைப்பூசம். முதல் குடத்தை நீங்கள் முகந்தால்தான் ஊர் நம்பும். நானும் நிம்மதியாகக் கண்மூடுவேன்."

ஞானாம்பிகை குளத்தைப் பார்த்தார். அடிப்படிக்கட்டு வரை தெளிந்து தெரிந்தது.

"பிடுங்கிய செடி எங்கே?"

தெய்வசிகாமணியின் முகம் மலர்ந்தது.

"வேர், தண்டு எதையும் வீணாக்கவில்லை. மட்கவைத்து எருவாக்கினேன். கீழ்க்கரைக் குடியிருப்புக்கு வண்டி வண்டியாகக் கொடுத்தேன். இல்லாதவர்கள், தானமாக இருக்கட்டும் என்று."

"அமரும். உண்டபின் பேசலாம்."

மடத்தில் ஒரே ஓர் இலை விரிக்கப்பட்டது. சோறு விழுந்தது. பக்கத்தில் கீரை மசியல்.

"நிறமே பசியைக் கிளப்புகிறது," என்றபடி பிசைந்தார் தெய்வசிகாமணி. "யார் தோட்டம்?"

"கீழ்க்கரைப் பவுனுவின் தோட்டம். நேற்றுத்தான் கொண்டுவந்தாள். உம்முடைய எரு."

வாய்க்குச் சென்ற கை நின்றது.

"உண்ணும்."

"தாயே, அந்த எருவில்..."

"அந்த எருவில்?"

அவர் கவளத்தை இலையில் திரும்ப வைத்தார்.

"மடத்தில் வேறு யாராவது இதை..."

"இல்லை. உமக்கு மட்டும் சமைக்கச் சொன்னேன்."

அப்போது வாசலில் கூடை இறங்கும் ஓசை கேட்டது. பவுனு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அட, மொதலாளியா! ஒங்களக் கையெடுத்துக் கும்புடணும்ங்க. நீங்க குடுத்த எருவுல கீரை ஆளொசரம் நிக்குது. எங்க மாமியா இருக்காளே, நீங்க நாசமாப் போவணும்னு மண்ண வாரித் தூத்துனவ, இப்ப ஒங்க பேரச் சொல்லி வெளக்கு ஏத்துறா."

தெய்வசிகாமணி நிமிரவில்லை.

அவள் இலையைக் கண்டாள். சிரிப்பு குறைந்தது.

"என்னங்க, கீரைய அப்படியே வச்சுட்டீங்க? ருசி இல்லையா? எம் பேரன் பச்சையாவே புடுங்கித் திங்குறான்."

தெய்வசிகாமணி இலையை மூடப் போனார்.

"மூடாதீர்," என்றார் ஞானாம்பிகை. "அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்."