சமையல்கட்டு வாசலில் பத்தொன்பது டேக்

“வசனம் தீயா இருக்கு. சீன் மட்டும் நனைஞ்ச பட்டாசு மாதிரி கிடக்கு. ஏன்?”

இயக்குநர் இசக்கிமுத்து இதைக் கேட்டது கலை இயக்குநர் பெனிட்டாவிடம். இசக்கிமுத்துவுக்கு வயது ஐம்பத்திரண்டு, இது ஏழாவது படம். பெனிட்டாவுக்கு இருபத்தொன்பது, இரண்டாவது படம். அதனால்தான் கடைசியாக இவரிடம் வந்தார். அதற்கு முன் கேமராமேனைக் கேட்டாயிற்று, எடிட்டரைக் கேட்டாயிற்று, நடிகை மேல் எரிந்து விழுந்தும் ஆயிற்று.

“இனிமே இந்த வீட்ல இருக்க மாட்டேன்” என்று மனைவி கணவனிடம் சொல்லும் காட்சி. முப்பது வருடத்துக்கு முன் இசக்கிமுத்துவின் அக்கா நிஜமாகவே சொன்னது. அதற்காகத்தான் இந்தப் படமே.

பத்தொன்பது டேக். வசனத்தை நான்கு முறை மாற்றி எழுதிவிட்டார். மதியத்துக்குள் சரியாக வராவிட்டால் காட்சியையே தூக்கிவிடுவதாகத் தயாரிப்பாளர் சொல்லி அனுப்பியிருந்தார்.

பெனிட்டா செட்டுக்குள் போனார். சாப்பாட்டு மேசையில், கணவன் உட்காரும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கேமரா அந்த நாற்காலிக்குப் பின்னால்தான் இருந்தது.

“நீங்க சமையல்கட்டு வாசல்ல நின்னு சொல்லுங்க சார். ஹீரோயின் நிக்கிற அதே இடத்துல.”

போய் நின்றார். பாதி உடம்பை வாசல் நிலை மறைத்தது. முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் பாத்திரங்கள் அவரைவிட நன்றாக மின்னின.

சீன் அமையாத தன் குறையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

பெனிட்டா போனைப் பார்த்துக்கொண்டே, “ம்” என்றார்.

அவர் குரலை உயர்த்தினார்.

“ம், சொல்லுங்க.”

இன்னும் உயர்த்தினார். கை தானாக நிலையைப் பிடித்துக்கொண்டது.

“என்னம்மா இது? நான் இந்தப் படத்தோட டைரக்டர். இங்க நின்னு உன்கிட்ட கெஞ்சுற மாதிரி இருக்கு.”

“நான் ஒண்ணுமே பண்ணலையே சார். சும்மா உக்காந்திருக்கேன்.”

இசக்கிமுத்துவுக்குக் கோபம் தலைக்கேறியது. நிஜத்தை எடுத்துப் போட்டால் எந்த வாதமும் முடிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. எடுத்துப் போட்டார்.

“எங்க அக்கா இங்கதான் நின்னா. இதே மாதிரி அடுப்படி வாசல்ல. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். அந்த இடத்தை மாத்தி, பொய்யா காட்டச் சொல்றியா?”

பெனிட்டா போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“எங்க இருந்து பார்த்தீங்க?”

இசக்கிமுத்து பெனிட்டாவுக்குப் பின்னால் நின்ற கேமராவைப் பார்த்தார்.

“அத்தான் பக்கத்துல உக்காந்து,” என்றார். “அக்கா சுட்ட தோசையைத் தின்னுக்கிட்டு.”