நாமும் நாங்களும்

ஆற்றங்கரை மடத்தில் சுடலையாண்டிக்கு ஒரே ஒரு சொல் மட்டும் ஆகவே ஆகாது. 'நாங்க.'

அம்பலவாண சாமியின் சீடர்கள் ஏழெட்டுப் பேரும் அதை வாய்க்கு வாய் சொல்வார்கள். "நாங்க குளிக்கப் போறோம்." "நாங்க சாப்பிட்டுக்கிடுதோம், நீரு வாசலைப் பாத்துக்கிடும்." 'நாம' என்று ஒருவர் வாயிலும் வராது. அடுப்புக்கு விறகு வேண்டும் என்றால் மட்டும் சுடலையின் ஞாபகம் வரும். மடத்துக்கு அவன் கறிவேப்பிலை.

அவன் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. ஊர் தள்ளிவைத்திருந்த ஒரு வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொடுத்தான். மறுநாளே அவனையும் தள்ளிவைத்தார்கள். கடையில் சாமான் கிடையாது, கிணற்றில் தண்ணீர் கிடையாது. அவன் வீட்டு நாயைக்கூடக் கல்லால் அடித்தார்கள். பெற்ற தாய் செத்தபோது பாடை தூக்க ஓர் ஆள் வரவில்லை. தாயைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகச் சுடுகாட்டுக்கு நடந்தான். அந்த நடைதான் இந்த மடத்தில் வந்து நின்றது.

ஒருநாள் சாமி மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டான்.

"சாமி, இவங்க என்னை எப்பச் சேத்துக்கிடுவாங்க?"

"யாரு, இவங்க?"

"உங்க சீடப்பிள்ளைங்கதான்."

"நீயும் என் சீடன்தானடே."

"நீங்க சொல்லுதீங்க. அவங்க சொல்லலியே."

சாமி மாட்டின் நெற்றியைச் சொறிந்துகொடுத்தார். "சேத்துக்கிட்டா போதுமா?"

"போதும் சாமி. வேற மோட்சமே எனக்கு வேண்டாம்."

சாமி சிரித்தார்.

அந்த வாரம் மடத்துச் சமையல்காரர் காய்ச்சலில் படுத்தார். சுடலை கரண்டியைப் பிடித்தான். அவன் வைத்த புளிக்குழம்பின் வாசம் ஆற்றுப்படி வரைக்கும் போனது. மூத்த சீடர் சொக்கலிங்கம் ஈரத்துணி கூட மாற்றாமல் நேரே அடுக்களைக்கே வந்துவிட்டார். நாக்கு இளகினால் மனசு இளகாதா?

"வே சுடலை! உமக்கும் சேத்து இலையைப் போடும். நாம எல்லாரும் ஒண்ணா உக்காருவோம்."

நாம! சுடலைக்குக் கண் நிறைந்துவிட்டது. தாய் செத்த அன்றைக்குக்கூட அவனுக்கு அப்படி அழுகை வரவில்லை. எல்லாருக்கும் இலை போட்டான். வரிசையின் கடைசியில் தன் இலையையும் போட்டான்.

அப்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கழைக்கூத்தாடிப் பெண் ஒருத்தி. கயிற்றிலிருந்து விழுந்து கால் வீங்கியிருந்தது. கம்பை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அய்யா, என்னால நடக்க முடியலைன்னு எங்க ஆளுங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. கால் சரியாகுற வரைக்கும் ஒரு மூலையில கிடந்துக்கறேன்."

சுடலை உள்ளே திரும்பிப் பார்த்தான். சொக்கலிங்கம் முகத்தைச் சுளித்தார். வரிசையில் அவன் இலை காலியாகக் கிடந்தது. அவன் மறுபடி வாசல் பக்கம் திரும்பினான்.

"இங்க இடமில்ல தாயி. நாங்க சாப்பிட உக்காந்தாச்சு. கண்டவங்களையும் நாங்க உள்ள விடுறதில்ல."

சொல்லும்போது அந்தச் சொல் வெல்லமாக இனித்தது. அவள் பழகிப்போனவள் மாதிரி திரும்பினாள்.

சாமி பந்தியிலிருந்து எழுந்தார். கை நனைக்காத இலையை அப்படியே விட்டுவிட்டு, கொடியில் கிடந்த துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினார். படியில் தடுமாறிய அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ, சாமி!" என்று சொக்கலிங்கம் பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுடலை ஓடிப்போய் மறித்தான்.

"சாமி! எங்க போறீங்க? இலை போட்டாச்சே! நாம எல்லாரும்..."

சாமி நின்றார். வந்த நாளிலிருந்து அவனை 'வாடே, போடே' என்றே கூப்பிட்டுப் பழகியவர். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை.

"நீங்க சாப்பிடுங்க," என்றார். "நாங்க போயிட்டு வாறோம்."